மாணவர் பாஸில் வந்த மருமகன் கடையில் ரொட்டி வீசலாமா?

பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊர்ப்பெயர் போட வேண்டாம் என்கிறார், போடவில்லை. அவரும் கணவரும் பஸ் நிலையத்துக்கு எதிரே உணவுக்கடை நடத்துகிறார்கள். நாமக்கல் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா மகனை இவர் அண்ணன் என்றே சொல்லி வளர்ந்தவர். அந்த அண்ணனின் மகன், வயது 20, போன ஆண்டு ஹோட்டல் நிர்வாக டிப்ளமோ படிக்கக் கோலாலம்பூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். அண்ணன் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

ஆறு மாதம் வகுப்பு ஒழுங்காக நடந்தது. பிறகு கட்டடம் மாறுகிறது என்றார்கள். அப்புறம் இணைய வகுப்பு என்றார்கள். அதுவும் நின்றுபோய் மூன்று மாதம் ஆகிறது. வாடகை கொடுக்க வழியில்லாத பையன் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டான். காலையில் ரொட்டி சானாய் வீசுகிறான், மதியம் இலை போடுகிறான், இரவில் கல்லாவில் உட்காருகிறான். "சம்பளம் கிடையாது, கைச்செலவுக்கு நாளைக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பாஸைப் புதுப்பிக்க என்று சொல்லி வாங்கிப்போன ஏஜண்டிடம் இருக்கிறது. பாஸ் முடிய ஆறு வாரம். ஏஜண்டு இப்போது 7,000 வெள்ளி கொடுத்தால் வேலை பெர்மிட்டாக மாற்றித் தருகிறேன் என்கிறான். கணவர், எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹட்ஜாய் போய்த் திரும்பி வந்தால் 30 நாள் கிடைக்குமே என்கிறார். மாமியார், "நம் பெண்ணுக்கு முறைதானே, பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இதில் எது சரி என்பதே சகோதரியின் கேள்வி.

சகோதரி, கடிதத்தில் நீங்கள் போட்டிருக்கும் தேதியைப் பார்த்தேன். உங்கள் ஆறு வாரத்தில் ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பேசுவோம். இன்று இரவிலிருந்து பையன் கடையில் எந்த வேலையும் செய்யக்கூடாது. கல்லாவில் உட்காரவே கூடாது. வீட்டில் இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். பாஸ் செல்லும் நாள்வரை ஒரு மாணவன் அத்தை வீட்டில் தங்குவது குற்றமில்லை.

விசாவும் பாஸும் ஒன்றல்ல

"அவனிடம் விசா இருக்கிறது" என்று கடிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம், ஆனால் குழப்பம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. மலேசியச் சட்டத்தில் விசா என்பது வாசலைத் திறப்பதற்கான அனுமதி. உள்ளே வந்தபின் எவ்வளவு நாள், எதற்காக இருக்கலாம் என்று சொல்வது பாஸ். உங்கள் மருமகன் வந்த வழியை நினைத்துப் பாருங்கள். கல்லூரி அவன் பெயரில் விண்ணப்பம் போட்டது. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்க உயர்கல்வி அமைச்சின் கீழ் 2012-இல் அமைந்த இஎம்ஜிஎஸ் நிறுவனம் அதைப் பரிசீலித்தது. குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் அவன் விமானம் ஏறினான். இறங்கிய ஏழு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, அதன்பின் மாணவர் பாஸ். இத்தனையும் ஒரே கல்லூரிக்காக, ஒரே படிப்புக்காக. அந்தக் கல்லூரியில் படிப்பதற்கு மட்டுமே அந்தப் பாஸ் பேசும். உங்கள் அடுப்படிக்காக அது பேசாது.

இன்னொன்றும் கவனியுங்கள். பாஸில் இருக்கும் தேதிவரை கவலையில்லை என்று நினைக்கிறீர்கள். மாணவன் வகுப்புக்கு வருவதில்லை என்று கல்லூரி தெரிவித்தால் அந்தத் தேதிக்கு முன்பே பாஸ் ரத்தாகலாம். அது நடந்திருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் முதல் வேலையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

"சம்பளம் இல்லை, சொந்தக்காரப் பையன்"

இந்த வாதத்தை ஈப்போ நீதிமன்ற வராந்தாவில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை கை நீட்டி ஒரு வேலையைச் செய்வது இயல்பு. லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், கல்யாணம் என்றால் யாருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? ஆனால் உங்கள் கடைக்கு உரிமம் இருக்கிறது, வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார், பையன் நாள் முழுவதும் நிற்கிறான். நாளைக்கு 40 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,200. நீங்கள் அதைக் கைச்செலவு என்கிறீர்கள். சோதனைக்கு வரும் அதிகாரி அதைச் சம்பளம் என்று எழுதிக்கொள்வார், எனக்கும் மறுத்துப் பேசுவது கடினம்.

மாணவர்கள் வேலையே செய்யக்கூடாதா என்றால், செய்யலாம். பருவ விடுமுறையில், அல்லது ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரத்துக்கு 20 மணி நேரம்வரை. உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு மளிகைச் சந்தை, ஹோட்டல் ஆகிய இடங்களில். அதற்குக் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையில் விண்ணப்பித்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்கினாலும் காசாளராக உட்கார முடியாது. உங்கள் பையனுக்கு அனுமதியும் இல்லை, முறையான விடுமுறையும் இல்லை, போதாக்குறைக்கு அவன் உட்கார்ந்திருப்பதோ கல்லாவில்.

தண்டனைகளைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பாஸின் நிபந்தனையை மீறினால், 1963 குடிநுழைவு விதிகளின் 39(பி) படி பையனுக்கு 1,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே அவனைத் திருப்பி அனுப்பலாம். உங்களுக்கு இருப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு. செல்லத்தக்க பாஸ் இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மாணவர் பாஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதே, அப்படியானால் இந்தப் பிரிவு பொருந்துமா என்று வாதாட ஒரு வழக்கறிஞருக்கு இடம் இருக்கலாம். அந்த வாதத்தை நீங்கள் காசு கொடுத்துக் கேட்கும் நிலைமை வரவேண்டாம் என்பதே என் அக்கறை.

உங்கள் அப்பாயி கடைசிவரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்ததை எழுதியிருக்கிறீர்கள். அவர் காலத்தில் தோட்டங்களை உலுக்கிய சட்டம் ஒன்று உண்டு. குடிமக்கள் அல்லாதவரை வேலைக்கு வைக்க அனுமதி வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1969-க்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, பிரஜாவுரிமைத் தாள் இல்லாத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். உங்கள் ஊரிலும் அப்படிக் காலியான லயங்கள் இருந்திருக்கும். அந்தச் சட்டம் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. அன்று தொழிலாளியின் பக்கம் நின்று அதைப் பார்த்தோம். இன்று முதலாளி என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது.

ஏஜண்டும் கடப்பிதழும்

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி, "கடப்பிதழ் அவனிடம் பத்திரமாக இருக்கிறது" என்பது. பாஸைப் புதுப்பிக்கக் கல்லூரி அலுவலகம் சில நாள் கடப்பிதழை வாங்கி வைப்பது வழக்கம். கேட்டால் ரசீது கொடுப்பார்கள். கல்லூரி ஊழியரும் அல்லாத ஒருவன் மூன்று மாதமாக வைத்திருப்பது வேறு. சட்டபூர்வமான காரணமின்றி இன்னொருவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம். 10,000 ரிங்கிட்வரை அபராதம், ஐந்து ஆண்டுவரை சிறை.

அவன் உண்மையில் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டானா என்று அவனிடம் கேட்க வேண்டியதே இல்லை. இஎம்ஜிஎஸ் இணையத்தளத்தில் கடப்பிதழ் எண்ணையும் நாட்டையும் கொடுத்தால் விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும். பையனின் கைப்பேசியில் கடப்பிதழின் படம் நிச்சயம் இருக்கும். இன்றே பாருங்கள். புதிய விண்ணப்பம் எதுவும் இல்லையென்றால், மூன்று மாதமாக உங்களுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு என்று அர்த்தம்.

அடுத்து, கடப்பிதழைத் திருப்பித் தரும்படி பையன் தன் பெயரில், தேதி போட்டு, வாட்ஸ்அப்பில் கேட்கட்டும். திட்ட வேண்டாம், பேரம் பேச வேண்டாம், இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். தரவில்லை என்றால் பையனே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தப் புகாரின் நகலோடு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். தூதரகம் என்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் இடம் என்று அவன் பயப்படுகிறான் போலிருக்கிறது. அது அவனுடைய சொந்த நாட்டின் அலுவலகம், கடப்பிதழுக்கு உரிமையோடு போய் நிற்கக்கூடிய ஒரே இடம்.

7,000 வெள்ளி விஷயம் சுருக்கமாக முடியக்கூடியது. கொடுக்காதீர்கள். மாணவர் பாஸை உள்நாட்டிலேயே உணவகத் தொழிலாளர் பெர்மிட்டாக மாற்றும் வழி கிடையாது. வெளிநாட்டுத் தொழிலாளர் கோட்டாவை முதலாளி உள்துறை அமைச்சிடம் கேட்டு வாங்கி, ஆளை அவர் நாட்டிலிருந்து வரவழைப்பதே முறை. அந்தக் கோட்டா விண்ணப்பங்களும் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. ஏஜண்டு ஒரு ஒட்டுத்தாள் காட்டினால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போலித்தாளோடு பிடிபட்ட பையனைவிடத் தாளே இல்லாமல் பிடிபட்டவன் நிலைமை மேல்.

ஹட்ஜாய் யோசனையும் கல்யாண யோசனையும்

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம் என்பது உண்மை. அது சுற்றிப் பார்க்க, உறவினரைப் பார்க்க. படிக்கவோ வேலை செய்யவோ இல்லை. பழைய மாணவர் பாஸ் கணினியில் தெரியும்போது புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் அதிகாரி நாலு கேள்வி கேட்பார். உள்ளே விட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. விட்டாலும் அந்த 30 நாளில் மாணவர் பாஸுக்கு மாற முடியாது, மறுபடி ஊருக்குப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். அத்தை வீட்டு விசேஷத்துக்கு வர அந்த 30 நாள் நல்ல ஏற்பாடு. உங்கள் கணவர் சொல்லும் காரியத்துக்கு உதவாது.

கல்யாண விஷயத்தில் ஒன்று கேட்கட்டுமா? நான்கு பக்கக் கடிதத்தில் மாமியார் என்ன நினைக்கிறார், கணவர் என்ன நினைக்கிறார், நாமக்கல்லில் அண்ணி என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு 19 வயது என்று மட்டும் தெரிகிறது. இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாக வேண்டும். 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் தந்தையின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அதைவிட முதலில் வேண்டியது அவளுடைய சம்மதம். பதிவுத் திருமணம் நடந்தால் மறுநாளே குடியுரிமை என்பதும் தவறு. மலேசியப் பெண்ணை மணக்கும் வெளிநாட்டு ஆண், நீண்டகாலச் சமூக வருகைப் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம். அது குடிநுழைவுத் துறை நேர்காணல் நடத்தி, உண்மையான இல்லறம்தானா என்று பார்த்து, தன் விருப்பப்படி கொடுப்பது. காலாவதியான பாஸை மூடி மறைக்க நடந்த கல்யாணம் என்று தோன்றினால், உங்கள் மகளும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் அவன் முறையாக ஊருக்குப் போய்வந்த பிறகும் பிடிக்கும்.

கையில் இருக்கும் வழிகள்

கல்லூரி இன்னும் உண்மையில் இயங்குகிறதா? பையன் நேரில் போக வேண்டும், தொலைபேசி போதாது. வெளிநாட்டு மாணவர் பிரிவில் மூன்று தாள் கேட்கட்டும்: வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், இப்போது மாணவனாக இருக்கிறான் என்ற கடிதம். புதுப்பிக்கப் பொதுவாக 80 விழுக்காடு வருகையும் 2.0 சராசரி மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். வகுப்பு நின்றது கல்லூரியால் என்றால் அதைக் காட்டும் குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பையன்மீது தவறில்லை என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

கல்லூரி சரியில்லை என்றால் வேறு கல்லூரி. இதற்குப் பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும், புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும், இஎம்ஜிஎஸ் வழியாகப் புதிய விண்ணப்பம் வேண்டும். சேரும் முன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய முகவை வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க உள்துறை அமைச்சின் அனுமதி அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் தடவை இதைப் பார்த்திருந்தால் என்று உங்கள் அண்ணனிடம் சொல்ல வேண்டாம். நிலத்தை அடகு வைத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

நான்கு வாரத்தில் இந்த மாற்றம் முடிவது சிரமம். புதுப்பிக்கும் வேலையையே மூன்று மாதத்துக்கு முன்பு தொடங்கு என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். ஆகவே பழைய கல்லூரியிலிருந்து ஒரு வாரத்துக்குள் தெளிவான பதில் வரவில்லை என்றால் என் முடிவு இது: பாஸ் முடிவதற்கு முன்பே பையன் விமானம் ஏறட்டும். இதைத் தோல்வி என்று நினைத்துத்தான் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்று புரிகிறது. பாஸ் உயிரோடு இருக்கும்போது போகிறவன் சுத்தமான தாளோடு போகிறான். நாளை புதிய கல்லூரி, புதிய ஒப்புதல் கடிதம் என்று மறுபடி வரலாம். பாஸ் முடிந்தபின் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வந்துவிடும். குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப்பின் கறுப்புப் பட்டியல். கடப்பிதழ் கிடைக்கத் தாமதமானால் போலீஸ் புகாரோடு ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குப் பாஸ் முடியும் முன்பே போய், புறப்பாட்டுக்காக ஸ்பெஷல் பாஸ் கேட்கலாம். கொடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது. தேதிக்கு முன்பு போய் நிற்பவனுக்குக் கிடைக்கும் மரியாதை, பிடித்துக் கொண்டுவரப்பட்டவனுக்குக் கிடைக்காது.

பொதுமன்னிப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கடைவீதியில் யாராவது சொல்வார்கள். 2024-இல் அப்படி ஒரு திட்டம் இருந்தது, 500 ரிங்கிட் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள். அது திரும்பிப் போவதற்கான வழி, தங்குவதற்கானது இல்லை. அதை நம்பி ஒருவனை மாதக்கணக்கில் பின்கட்டில் வைத்திருந்தால், அதே சட்டத்தின் 55இ பிரிவில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு: பாஸ் இல்லாதவர் தன் இடத்தில் தங்க விட்டதற்கு ஆளுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

பணத்தை மீட்க முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ரசீதுகளும் வங்கிப் பரிமாற்றத் தாள்களும் இருந்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட்வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். ஏஜண்டுக்கு ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிப்பது கடினம், நாமக்கல்லில் கொடுத்திருந்தால் அங்கே போலீசில்தான் புகார் செய்ய வேண்டும். பையன் விமானம் ஏறும் முன்பு எல்லாத் தாள்களின் நகலையும் உங்களிடம் விட்டுப் போகட்டும். வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட முடியாது என்றால் ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. வெட்கப்படாமல் போங்கள்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு கடை மூடியதும் நீங்களே அழைத்துப் பேசுங்கள். நாமக்கல்லில் அப்போது இரவு எட்டு மணிதான் ஆகியிருக்கும், சாப்பிட்டு முடித்திருப்பார். கல்லூரி நின்ற கதையை அவர் முதலில் உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும். 7,000 வெள்ளிக்காக ஏஜண்டு அவரையும் அழைக்கப் போகிறான்.